டெயில்ல எடுத்த ரெண்டு நூல் பள்ளம்: அலை மேல ஓட்டற சர்ஃப் போர்டுக்கு அடிப்பக்கம் செதுக்கி மாட்டுனவங்க வந்து சொல்லுங்க

கணபதிக்காரன்:
ரெண்டு வருசமாச்சுங்க, இன்னும் உறுத்துது, அதான் எழுதறேன். 9 அடி 1 அங்குலம், பெர்ஃபார்மன்ஸ் லாங்போர்டு, தெர்மாகோல் பிளாக்கு, நடுவுல நீளவாக்குல ஒரு மரப்பட்டை, அதான் ஸ்ட்ரிங்கர். நோஸ்ல, அதான் முன் முனையில, அடிப்பக்கம் லேசா கான்கேவ் (குழிவு), நடுவுல சிங்கிள் (ஒரே குழிவு), அதுவரைக்கும் ஒரு வெசனமும் இல்ல. டெயிலுக்கு, அதான் பின் முனைக்கு, வந்ததும் வீ (V வடிவம்) வைக்கறதா கான்கேவையே இழுத்துட்டு போறதான்னு ரெண்டு நாள் ரோசனை, கடைசியில வீடியோ பாத்து கான்கேவ்தான் ஸ்பீடுன்னு ஃபின்னுக்கு (அடியில நிக்கற துடுப்பு) முன்னாடி ரெண்டு நூல், அதாவது கால் அங்குலம், ஆழம் எடுத்து டெயில் முனைக்கு வர்றப்ப ஒண்ணுமில்லாம முடிச்சுட்டேன்.

என்ற மாமா பவுண்டரிக்கு பேட்டர்ன் (வார்ப்புக்கு மாதிரி உருவம்) போடறவரு, முப்பது வருசம் பம்பு பேட்டர்ன்தான். பொழுதோட பட்டறைக்கு வந்தாரு. ஒரு கையில டீ. ஸ்டீல் ஸ்கேலை குறுக்கால வெச்சு ஆழம் அளக்க அதுக்கடியில ஹேக்சா பிளேடை ஒண்ணு மேல ஒண்ணா சொருகிப் பாத்தாரு, பத்து பிளேடு போச்சு. ஒண்ணும் பேசல. அப்பறம் ஸ்கேலை நீளவாக்குல ஸ்ட்ரிங்கர் மேல வெச்சு ஒரு முனையை விரல்ல அமுக்குனாரு. ராக்கர், அதான் நீளவாக்கு வளைவு, இருக்கற எடத்துல ஸ்கேல் ஆடணும்ல, ஆடல, செத்த பாம்பாட்டம் படுத்துக்கிச்சு. "மாப்ள, ஓரத்துல வளைவு இருக்குது, நடுவுல காணமே"ன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா, "மாமா இது பம்பு இல்லீங்க, கடல் சமாச்சாரம்". மனுசன் பிளேடையெல்லாம் எண்ணி டப்பாவுல போட்டுட்டு கம்முனு போயிட்டாரு.

மகாபலிபுரத்துல எறக்குனா நேரா போறதுக்கு அடிச்சுக்க ஆளில்ல, பின்னங்காலை வெச்சு திருப்புனா மட்டும் அது பாட்டுக்கு ரோட்டுல போற லாரி மாதிரி போய்க்கிட்டே இருக்குது. ஊருக்கு வந்ததும் மாமா கேட்டாரு, எப்படி மாப்ள ஓடுச்சுன்னு. சூப்பருங்க மாமான்னேன்.

ஈரோட்டு அம்மிணி:
என்னோடது சின்னக் கதைங்ணா. கல்யாண மண்டப டெக்கரேசன் பண்ற கடையில சூடு கம்பி வெச்சு பிளாக்கு அறுத்து வாங்குனேன். நோஸ் கான்கேவ் ஒரு நூல், அவ்வளவு அழகா வந்துச்சு. அப்பறம் தண்ணி டேங்க் ஒட்டற பாலியெஸ்டர் ரெசினை யாரோ குடுத்தாங்கன்னு ஊத்திட்டேன். கண்ணு முன்னாடியே கொழகொழன்னு உள்ள எறங்குது, ஒரு நூல் கான்கேவ் அஞ்சே நிமிசத்துல கெணறாயிருச்சு. தெர்மாகோலுக்கு எப்பாக்சி தவிர எதையும் கிட்ட கொண்டு போகாதீங்க. எங்கம்மா இன்னைக்கும் அதுல கீரை வெதைக்கலாம்ங்கறாங்க.

சூலூர் காத்து:
கணபதி அண்ணா, உங்க மாமா சொன்னது சரிதான், ஆனா பழியை முழுசா கான்கேவ் மேல போடறது எனக்கு ஒப்பலைங்க. நடுவுல நின்னுட்டு திருப்புனா எந்த லாங்போர்டும் திரும்பாது, டெயில் வரைக்கும் நடந்து போனீங்களா இல்லியா, அதை எழுதவே இல்ல. நடு ஃபின்னை பாக்ஸுல (ஃபின் சொருகற பள்ளம்) எங்க வெச்சீங்க? பின்னாடி தள்ளியிருந்தா இன்னும் வெறப்பாத்தான் இருக்கும், ஒரு அரை அங்குலம் முன்னாடி நகத்திப் பாத்துட்டு அப்பறம் பேசணும். சைடு ஃபின் ரெண்டும் போட்டிருந்தா நடு ஃபின்னை சின்னதா மாத்துங்க. வீ வெச்சா, போர்டை கவுத்துப் பாக்கறப்ப, நடு ஒசந்து ரெண்டு பக்கமும் சரியும், அதனால ஒரு ரெயில்ல (போர்டோட பக்கவாட்டு ஓரம்) இருந்து அடுத்த ரெயிலுக்கு சுலபமா சாயும், ஆனா தட்டையான அலையில கொஞ்சம் மந்தம். வீக்குள்ள ரெண்டு பக்கமும் சின்ன கான்கேவ் போட்டா ரெண்டும் கெடைக்கும். டெயில் பக்கம் ரெயில் ஓரம் கூரா இருக்கோணும், உருண்டையா விட்டா தண்ணி ஒட்டிக்கிட்டு விடாது. நோஸ் கான்கேவை எச்சா எடுக்காதீங்க, பூகி போர்டு (படுத்துக்கிட்டு அலையில போற சின்ன போர்டு) கண்டுபிடிச்ச டாம் மோரி 1965-ல கலிபோர்னியா வென்சுராவுல வாட்சை வெச்சு யாரு நோஸ்ல எச்சா நேரம் நிக்கறாங்கன்னு போட்டி நடத்துனாரே, அந்தப் போட்டிக்கு வேணா ஆழமா எடுக்கலாம், நாம அதுக்கா செய்யறோம். என் அனுபவம்னு கேட்டா, வர்க்கலையில ஒருத்தர் வீ போர்டு குடுத்தாரு, நாலு அலை ஓட்டுனேன், நல்லா இருந்துச்சு.

பொள்ளாச்சி சாளை:
நாலு அலைக்கு இவ்வளவு நாயமா சூலூராரே 😀 வீ வீன்னு சொல்றீங்க, அது ரெண்டு பக்கமும் ஒண்ணா வர்றது எவ்வளவு பாடுன்னு செதுக்குனவனுக்குத்தான் தெரியும். நான் தோட்டத்துச் சாளையில ஒரே ஒரு டியூப் லைட், அதுவும் தலைக்கு மேல, வெச்சுக்கிட்டு செதுக்குனேன். தேய்க்கறப்ப ரெண்டு பக்கமும் ஒட்டுக்கா சமமாத்தான் தெரிஞ்சுது. ஃபைபர் போட்டு காஞ்சதுக்கப்பறம் ரெண்டு பக்கச் சுவத்துலயும் இடுப்பு ஒசரத்துக்கு லைட் மாட்டிப் பாக்கறேன், இக்கட்டால சரிவு ஒரு நூல் எச்சா, அக்கட்டால கம்மி. நெழலு அப்பட்டமா காட்டிக் குடுத்துருச்சு. தண்ணியில கழுத்துல கயிறு கட்டுன மாடாட்டம் ஒரே பக்கம் இழுக்குது. லைட்டை மொதல்லயே மாட்டியிருந்தா 300 ரூவாயோட போயிருக்கும்.

ஈரோட்டு அம்மிணி:
கணபதி அண்ணா, மாமாகிட்ட அப்பறமாவது சொன்னீங்களா?

கணபதிக்காரன்:
சூலூர் அண்ணா, டெயில் வரைக்கும் நடந்தேனுங்க, நடு ஃபின் 7 அங்குலம், நகத்தியும் பாத்தாச்சு.

அம்மிணி, நேரா சொல்லலை. போன மாசம் அடுத்த பிளாக்கு எடுத்தேன், டெயில்ல கை வைக்காம விட்டுட்டு மாமாவை கூப்புட்டேன். வந்தாரு, பழைய போர்டு செவுத்துல சாஞ்சு நின்னுச்சு, அதைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "சூப்பரா ஓடுச்சுன்னயே, அப்பறம் எதுக்கு இன்னொண்ணு?"ன்னு கேட்டுட்டு டப்பாவுல இருந்து பிளேடை எடுத்து எண்ண ஆரம்பிச்சுட்டாரு.