ஆலை அணையை இடிப்பதா? பக்கத்துப் பாறையையும் பாருங்கள்

ஆற்றுக்கல்: தண்ணீர் விசையில் ஓடிய பழைய மாவாலையின் தாழ்வான அணையை அகற்றலாமா என்று விவாதிக்கிறோம். கரையோரம் அதை ஒட்டிக் கிடக்கும் சின்னப் பாறைத்திட்டைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஆலை கட்டியவர்கள் கண்ட இடத்தில் அணை போட மாட்டார்கள். ஆறு தானாகவே இறங்கும் இடமும், அடித்தளத்துக்குக் கெட்டியான பாறையும் பார்த்துத்தான் கட்டுவார்கள். அந்தத் திட்டு, அணைக்கு அடியில் புதைந்த அருவியின் மிச்சம் என்பது என் எண்ணம். அதனால்தான் அணையை அகற்றலாம் என்கிறேன்.

பழங்கட்டடம்: எண்ணம் ஆதாரமாகாது நண்பரே. தலைமுறை தலைமுறையாக அணையில் வழிந்த நீர்தான் பாறையைச் செதுக்கியிருக்கும். அணை தந்த அழகைக் காட்டி அணையையே இடிக்கச் சொல்கிறீர்கள்.

ஆற்றுக்கல்: பாறையிலுள்ள வட்டக் குழிகளுக்குள் கைவிட்டுப் பாருங்கள். சுவர் வழவழவென்றிருக்கும், அடியில் உருண்ட கூழாங்கற்கள் கிடக்கும். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல், சுழலில் சிக்கிய கல் சுற்றிச்சுற்றித் தோண்டிய குழிகள் அவை. இவ்வளவு கடினமான பாறையில் முழங்கை ஆழம் இறங்க ஓர் ஆலையின் ஆயுள் போதாது. அதோடு, சரளையை அணை பின்னாலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அரைக்கக் கல்லே வராமல் குழி எப்படி விழும்?

பழங்கட்டடம்: தாழ்வான அணை வண்டலால் சீக்கிரம் தூர்ந்துவிடும். பிறகு வெள்ளத்தில் மணல் மேலேறி வழியத்தான் செய்யும். சரி, குழிகள் பழையவை என்றே வைத்துக்கொள்வோம். அந்த வண்டல் மொத்தமும் ஒரே மழையில் கீழே இறங்கினால் மீன் முட்டையிடும் சரளைப்படுகை என்னவாகும்?

துடுப்பு: படகு ஓட்டுபவள் என்பதால் ஒன்று சொல்கிறேன். அந்த அணை உயரம் குறைவு என்று நம்பி யாரும் இறங்காதீர்கள். அடிவாரத்தில் கரைக்குக் கரை ஒரே சீராகச் சுருளும் நீர், ஆளை மறுபடி மறுபடி அணைப் பக்கமே இழுக்கும். மிதவை அங்கி போட்டவர்களையும் அது விடுவதில்லை.

ஆற்றுக்கல்: வண்டல் பற்றிய அச்சம் நியாயமானது. அதை முதலில் ஆய்வு செய்யட்டும், நீர்மட்டத்தைப் படிப்படியாக இறக்கட்டும். அமெரிக்காவின் கென்னபெக் ஆற்றில் 1837இல் கட்டிய எட்வர்ட்ஸ் அணையை 1999இல் அகற்றியபின், கடலிலிருந்து வலசை வரும் மீன்கள் மேலே ஏறின.

பழங்கட்டடம்: வண்டலில் ஆலைக்கழிவு இல்லை என்று ஆய்வு சொல்லட்டும், பிறகு பேசுவோம். அப்போதும் ஆலைச் சுவரையும் வாய்க்காலையும் இடிக்க ஒப்புக்கொள்ள மாட்டேன்.