இரும்பு செலினைடில் சுழல்கள் ஒரே கோட்டில் வரிசை கட்டி நிற்கின்றன: படிகத் திரிபா, ஸ்கேனர் கோளாறா?

பனிக்கூடு:
இரண்டு வாரமாக இதோடு மல்லாடுகிறேன், யாராவது வழி சொல்லுங்கள். இரும்பு செலினைடு (குளிரில் மின்தடை இல்லாமல் கடத்தும் மீகடத்தி) படிகத்தை வெற்றிடத்தில் உரித்து 1.5 கெல்வினில் எஸ்டிஎம்மில் (ஊசிமுனையால் பரப்பை வருடி அணு அளவில் படமெடுக்கும் நுண்ணோக்கி) பார்க்கிறேன், காந்தப்புலம் 2 டெஸ்லா, பரப்புக்குச் செங்குத்து. சுழல்கள், அதாவது காந்தப்புலம் மீகடத்திக்குள் மெல்லிய இழைகளாக நுழையும் இடங்கள், முக்கோண வலையாக நிற்க வேண்டும், இல்லையா? எனக்கு வரும் 200 × 200 நானோமீட்டர் படத்தில் குறுக்காக ஒரு கோட்டில் ஏழெட்டுச் சுழல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, மற்ற இடங்களில் வலை ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, கணக்குப்படி 39 சுழல்கள் இருக்க வேண்டிய இடத்தில் 33தான் எண்ண முடிகிறது. படிகத்தைச் செம்புத் தகட்டில் வெள்ளி எபாக்சியால் ஒட்டியிருக்கிறேன். குளிரும்போது இரண்டும் வேறுவேறு அளவில் சுருங்கும், அந்தத் திரிபுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஆய்வகத்தில் சீனியர் ஒருவர் அடித்துச் சொல்கிறார்.

பழைய_முனை:
தம்பி, முதலில் எண்ணிக்கையைத் தீர்த்துவிடு. ஒரு சுழலுக்கு ஒரு பாயக் குவாண்டம் (ஒரு சுழல் சுமக்கும் மாறாத அளவு காந்தப் பாயம்), 2.07 × 10⁻¹⁵ வெபர், அதாவது 2 டெஸ்லாவில் ஒரு சுழலுக்குச் சுமார் 1035 சதுர நானோமீட்டர். திரிபு வலையை நசுக்கும், இழுக்கும், ஆனால் சராசரிப் பரப்பில் கை வைக்காது, அது புலத்தின் கையில் இருக்கிறது. ஆறு சுழல் காணாமல் போனதை அதன் தலையில் கட்ட முடியாது. புலம் தப்பு, இல்லையென்றால் உன் அளவுகோல் தப்பு. அதே இடத்தில் செலினியம் அணுக்களைப் படம் எடு. இடைவெளி 3.77 ஆங்ஸ்ட்ராம் வர வேண்டும், உனக்கு எவ்வளவு?

பனிக்கூடு:
4.1 வருகிறது அண்ணா. முனையை நகர்த்தும் பீசோவைத் (மின்னழுத்தம் கொடுத்தால் நீளும் பொருள்) திரவ நைட்ரஜன் வெப்பநிலையில் அளவீடு செய்து அப்படியே விட்டிருக்கிறோம்...

பழைய_முனை:
அதேதான். உன் 200 உண்மையில் 184. பெருக்கி வகுத்துப் பார், 33 சரியாக வரும். சுழல் ஒன்றும் காணாமல் போகவில்லை.

இரட்டை_எல்லை:
அந்தக் கோட்டைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் விஷயமே அங்கேதான் இருக்கிறது. இரும்பு செலினைடு சுமார் 90 கெல்வினில் சதுரக் கட்டமைப்பிலிருந்து செவ்வகத்துக்கு மாறுகிறது. இரண்டு அச்சுகளுக்கும் உள்ள வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை, ஆனால் எந்தப் பக்கம் நீள்வது என்று படிகம் முழுக்க ஒரே முடிவு எடுப்பதில்லை. பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் 90 டிகிரி திரும்பி நிற்கும், நடுவே இரட்டைப் படிக எல்லை ஓடும். அந்த எல்லையில் மீகடத்தல் ஏற்கெனவே நலிந்திருக்கிறது. சுழலின் மையத்தில் எப்படியும் மீகடத்தலை அழிக்க ஆற்றல் செலவாகும், பாதி அழிந்த இடத்தில் போய் உட்கார்ந்தால் செலவு மிச்சம், அதனால் வரிசை கட்டுகின்றன. இட்ரியம் பேரியம் செம்பு ஆக்சைடு என்ற இன்னொரு மீகடத்தியில் இரும்புத் துகள் படியவைத்து எடுத்த பழைய படங்களிலும் இதே கதைதான்.

சோதிக்க ஸ்கேன் திசையை 45 டிகிரி திருப்பு. கோடு செலினியம் அணு வரிசைக்கு இணையாகவே இருந்தால் அது எல்லை. அப்புறம் சுழல் மையங்களை உற்றுப் பார். இந்தப் பொருளில் அவை இயல்பாகவே நீள்வட்டம், அதை டிரிஃப்ட் (முனை மெல்ல நகர்ந்துபோவதால் வரும் படச் சிதைவு) என்று திருத்தித் தொலைத்துவிடாதே. கோட்டின் இரு பக்கமும் நீள்வட்டங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகத் திரும்பியிருந்தால் வேறு சாட்சியே வேண்டாம்.

பனிக்கூடு:
திருப்பிப் பார்த்தேன். கோடு அணு வரிசையோடுதான் போகிறது, மையங்களும் இரு பக்கமும் திரும்பித்தான் நிற்கின்றன! ஆனால் வலையின் இழுபாடு ஸ்கேனோடு சேர்ந்து திரும்பியது, அப்படியானால் அது ஸ்கேனர் கோளாறுதான். புலத்தை ஏற்றிய கையோடு படம் எடுக்காமல் ராத்திரி முழுக்க விட்டுவிட்டு மெதுவாக எடுத்ததில் அதுவும் பெரும்பாலும் போய்விட்டது. அப்படியானால் எபாக்சி நிரபராதியா?

இரட்டை_எல்லை:
பாதி. எல்லையை உண்டாக்குவது 90 கெல்வின் மாற்றம், எபாக்சி இல்லாவிட்டாலும் வரும். ஆனால் செம்பு இழுக்கும் இழுப்பு ஒரு திசையில் கூடுதலாக இருந்தால் அந்தப் பக்கம் நீண்ட பகுதிகளுக்கு இடம் அதிகம் கிடைக்கும், எல்லைகள் எங்கே, எவ்வளவு நெருக்கமாக நிற்கும் என்பதும் மாறும். சீனியர் சொன்னது அவ்வளவு தூரம் சரி. 100 கெல்வினுக்கு மேல் சூடாக்கி மறுபடி குளிர்வித்துப் பார், கோடு நகரக்கூடும்.

பனிக்கூடு:
அதே இடத்துக்கு முனையைத் திரும்பக் கொண்டுவருவது எங்கள் கருவியில் நடக்காத காரியம். அடுத்த படிகத்தை ஒரு மூலையில் மட்டும் ஒட்டிப் பார்க்கிறேன், ஹீலியம் வந்ததும் படம் போடுகிறேன்.

பழைய_முனை:
பீசோவை 1.5 கெல்வினில் அளவீடு செய்துவிட்டு எடு.