4யூ 0115+63: துடிப்புக்காலம் தினமும் நகர்கிறது, திரள் வட்டு காரணமா?

ஈசூன்வாசி:
4யூ 0115+63 என்பது துணை விண்மீனோடு இணைந்து சுற்றும், எக்ஸ்-கதிரில் துடிக்கும் நியூட்ரான் விண்மீன். அதன் நைசர் எக்ஸ்-கதிர் தொலைநோக்கித் தரவை, ஃபோட்டான் நேரங்களைச் சூரிய மண்டல நிறைமையத்துக்கு மாற்றும் பேரிகார் நிரல் வழியாகத் திருத்தி, துடிப்புக்காலம் தேடும் இஎஃப்சர்ச் நிரலில் தேடினேன். 3.61 வினாடி கிடைக்கிறது. ஆனால் ஒரே வாரத்தில் அது 1 மில்லிவினாடிக்கு மேல் நகர்ந்துவிட்டது. நேற்றைய காலத்தை வைத்து இன்றைய 10,000 வினாடித் தரவை மடித்தால் (துடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்) துடிப்புருவம் மங்கிப்போகிறது. வெடிப்பின்போது (எக்ஸ்-கதிர் ஒளிர்வு கூடும் நாட்களில்) திரள் வட்டு, அதாவது துணை விண்மீனின் பொருள் சுழன்று விழும் வட்டு, நியூட்ரான் விண்மீனின் சுழற்சியை இவ்வளவு வேகமாகவா முடுக்கும்?

கதிர்மானி:
இல்லை, இது சுற்றுப்பாதை டாப்ளர்: விண்மீன் பாதையில் நம்மை நோக்கியும் விலகியும் நகர்வதால் துடிப்புக்காலம் மாறித் தெரிகிறது. சுற்றுக்காலம் 24.3 நாள், பார்வைக்கோட்டில் பாதையின் அரை நெட்டச்சு 140 ஒளிவினாடி, மையப்பிறழ்வு 0.34. கணக்குப் போட்டால் துடிப்புக்காலம் ±1.6 மில்லிவினாடி ஆடும், நாளுக்குச் சுமார் 0.4 மில்லிவினாடி மாறலாம். 10,000 வினாடியில் 2,770 துடிப்பு. ஒவ்வொன்றிலும் 0.4 மில்லிவினாடி பிசகினால் மொத்தம் 1.1 வினாடி, அதாவது துடிப்பில் மூன்றில் ஒரு பங்கு. மங்காமல் என்ன செய்யும்!

வட்டின் முறுக்குவிசை தருவது வினாடிக்கு 10⁻¹¹ ஹெர்ட்ஸ் அளவு. நாளுக்கு வெறும் 11 மைக்ரோவினாடி. டாப்ளரைக் கழிக்காமல் அதைத் தேடவே முடியாது.

பேரிகாரில் ஐசிஆர்எஸ் என்ற வான் ஆயச் சட்டகமும் டிஇ430 என்ற கோள் நிலை அட்டவணையும் கொடுத்தீர்களா? விண்கலப் பாதைக் கோப்பும் அதே நாளுடையதாக இருக்கட்டும். அதன்பிறகு ஃபெர்மி விண்கலத்தின் ஜிபிஎம் கருவிக் குழு வெளியிடும் பாதை அளவுகளை எடுத்து, ஒவ்வொரு ஃபோட்டான் நேரத்திலிருந்தும் பாதைத் தாமதத்தை (ஒளி சுற்றுப்பாதையைக் கடக்கும் நேரத்தை) கழியுங்கள். தாமதத்தைக் கணிக்க, ஃபோட்டான் புறப்பட்ட நேரம் வேண்டும். கையில் இருப்பது வந்த நேரம். ஆகவே நான்கைந்து முறை திருப்பிக் கணக்கிட வேண்டும். ஒரே முறையோடு நிறுத்துவதுதான் பலரும் செய்யும் பிழை.

ஈசூன்வாசி:
நன்றி அண்ணே. கழித்தபிறகு மிஞ்சுவது வட்டின் வேலைதான் என்று எப்படி உறுதி செய்வது?

கதிர்மானி:
ஒளிர்வோடு ஒப்பிடுங்கள். கோஷ், லாம்ப் இருவரும் 1979இல் தந்த கணக்குப்படி முடுக்கம் ஒளிர்வின் 6/7 அடுக்கில் போகும். உச்சத்தில் வேகமாகவும் இறங்குமுகத்தில் மெதுவாகவும் முடுக்கம் வந்தால், கெப்ளர் வேகத்தில் சுழலும் வட்டு உள்ளே இருக்கிறது. முடுக்கத்தின் வரைகோடு ஒளிர்வைக் கண்டுகொள்ளாமல் 24.3 நாளில் அலைந்தால், பாதை அளவு பழையது.

வெடிப்பின் வால்பகுதியையும் விடாதீர்கள். 2015இல் ஒளிர்வு வினாடிக்குச் சுமார் 1.4×10³⁶ எர்க் வந்ததும் சட்டென்று சரிந்தது. காந்தப்புலம் பொருளை வெளியே தள்ளும் உந்தி விளைவு அது.

உட்லண்ட்ஸ் தொலைநோக்கி:
சிங்கப்பூரிலிருந்து கண்ணுறு ஒளியில் பார்க்க 4யூ 0115 சரிப்படாது; அதிகபட்சம் 28 பாகை உயரம், துணை விண்மீனும் மங்கல். இதே வகையைச் சேர்ந்த ஏ 0535+26இன் துணை விண்மீன் வி725 டாரி 9ஆம் தரம், 65 பாகை ஏறும். சிறு நிறமாலைமானியில் அதன் ஹெச்-ஆல்ஃபா (ஹைட்ரஜனின் சிவப்பு) கோடு தெரியும். டிசம்பர் மேகம் விலகிய பிப்ரவரி முன்னிரவு நல்லது.