டீசல் விலை: வெளிநாட்டுப் பட்டியலை ஃப்ளெக்ஸில் போடலாமா?

கடலூர் குட்டியானை:

எல்லோருக்கும் வணக்கம். கடலூரில் சொந்தமாகச் சரக்கு வேன் ஓட்டுகிறேன். டாடா ஏஸ், எங்கள் பக்கம் குட்டியானை என்றால்தான் தெரியும். துறைமுகத்திலிருந்து மீன் பெட்டி, சிப்காட்டிலிருந்து டிரம், முகூர்த்த நாளில் பந்தல் சாமான், எது வந்தாலும் ஏற்றுவேன்.

டீசல் விலையைக் குறைக்கச் சொல்லி எங்கள் வேன்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஆட்சியர் அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம் நடத்தப் போகிறோம். அதற்கு ஒரு ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும். ஒரு பக்கம் நாடுகளின் பெயர், இன்னொரு பக்கம் லிட்டர் விலை நம் ரூபாயில். பூடான், இலங்கை, மலேசியா, குவைத் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியலை ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். வாசகம் எழுதித் தரும் பொறுப்பு என் தலையில்.

அந்தப் பட்டியலை அப்படியே போட எனக்கு மனசு ஒப்பவில்லை. கோரிக்கையில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. வருகிற வாடகையில் பெரும்பகுதியை டீசலே தின்றுவிடுகிறது. சொல்லப்போனால் கடலூர்க்காரனுக்கு வெளிநாட்டு உதாரணமே தேவையில்லை. முள்ளோடை தாண்டிப் புதுச்சேரி எல்லைக்குள் போனால் அதே கம்பெனி பங்க், அதே டீசல், லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. மாநில வரி மட்டும்தான் வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே நிற்கும் வண்டிகளில் பாதி நம் பதிவு எண்தான்.

ஆனால் மற்றவர்கள் வெளிநாட்டு விலை வேண்டும் என்கிறார்கள். சரி, எது நியாயமான ஒப்பீடு? ரூபாயாக மாற்றிப் போட்டால் போதுமா? பூடானுக்கே நம் நாட்டிலிருந்துதான் எண்ணெய் போகிறது என்கிறார்கள், அப்புறம் அங்கே எப்படிக் குறைவு? 2022-இல் இலங்கையில் நடந்ததை எல்லோரும் பார்த்தோம், அந்த நாட்டை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அங்கங்கே இருப்பவர்கள் சொன்னால் நல்லது. நிருபர் யாராவது மைக்கை நீட்டினால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

பருத்தித்துறை எஞ்சின்காரன்:

அண்ணை, வணக்கம். படகு எஞ்சின் திருத்துவது என் தொழில். இலங்கையைப் பட்டியலில் போடுவதென்றால் எந்த ஆண்டு, எந்த மாதம் என்றும் பக்கத்திலேயே போடுங்கோ. இல்லாவிட்டால் அந்த எண் பொய்யாகிவிடும்.

2021 தொடக்கத்தில் இங்கே 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 137 ரூபாய், டீசல் 104. உங்கள் காசுக்கு மாற்றினால் பெற்றோல் ஐம்பது ரூபாய்ச் சொச்சம். ராமர் நாட்டில் 93, சீதையின் நேபாளத்தில் 53, இராவணனின் இலங்கையில் 51 என்று உங்கள் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் அந்தப் பெப்ரவரியில் எழுதியது எங்கள் கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. அந்த மலிவு எங்கிருந்து வந்தது என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

உலகச் சந்தையில் ஏறினாலும் செட்டில், உங்கள் பேச்சில் பங்கில், விலையை ஏற்றாமல் அரசாங்கம் பிடித்து வைத்திருந்தது. நட்டம் அரச நிறுவனமான பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு. அது கடன்பட்டது இலங்கை வங்கி, மக்கள் வங்கி என்ற இரண்டு அரச வங்கிகளிடம். கப்பலுக்குக் கட்ட வேண்டியதோ டொலர். 2022-இல் நாட்டில் டொலர் இல்லை. கப்பல் கொழும்புக்கு வெளியே வந்து நின்றாலும் காசு கட்டாமல் இறக்க விடமாட்டார்கள். 2021 டிசம்பரில் 177 ஆக இருந்த பெற்றோல் 2022 மே 24-இல் 420 ஆனது, ஜூன் 26-இல் 470. டீசல் 121-இலிருந்து 460-க்குப் போனது. அந்த ஜூன் கடைசியில், அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த வாகனங்களுக்கு எரிபொருளே இல்லை என்று அறிவித்தார்கள். பிறகுதான் கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி அளவாக வாங்கும் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5.

உங்கள் பட்டியலில் மண்ணெண்ணெய் இருக்காது. எங்கள் கரையில் கண்ணாடியிழைப் படகுகளின் எஞ்சின் அதில்தான் ஓடும். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பெற்றோலும் டீசலும் நானூறைத் தாண்டிய பிறகும் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலேயே நின்றது. அட்டவணையில் பார்த்தால் அவ்வளவு மலிவு. ஆனால் செட்டில் ஒரு சொட்டு இல்லை. வெறும் கான்களின் பிடியில் கயிற்றைக் கோத்து வரிசையில் வைத்துவிட்டு, இரவில் ஆள் மாறி ஆள் காவல் இருந்தோம். விடிந்தால் பௌசர் (எண்ணெய் டேங்கர் லொறி) வரவில்லை என்பார்கள். என் பட்டறையில் பழுதே இல்லாத எஞ்சின்களைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள், வீட்டில் வைத்திருந்தால் களவு போய்விடும் என்று. 2022 ஓகஸ்ட் 22-இல் ஒரேயடியாக 340 ரூபாய் ஆக்கினார்கள். அதன்பிறகு எண்ணெய் கிடைத்தது. ஆனால் மீன் படாத நாளில் கடலுக்குப் போனவனுக்குக் கைக்காசு நட்டம். விலையைப் பிடித்து வைத்ததும் எங்கள் முதுகில்தான், அவிழ்த்து விட்டதும் எங்கள் முதுகில்தான். அதனால்தான் வெறும் விலைப் பட்டியலைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

இப்போது மாதாமாதம் சூத்திரப்படி விலை மாறுகிறது. 2025-இல் 92 பெற்றோல் 300 ரூபாயை ஒட்டி நின்றது. மாற்றிப் பார்த்தால் உங்கள் விலையைவிடக் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஆண்டு இங்கே சட்டப்படி ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாய். 26 நாளுக்குப் பிரித்தால் ஒரு நாள் உழைப்புக்கு மூன்றரை லீற்றர். அதைப் போடுங்கோ.

கடலூர் குட்டியானை:

அண்ணே, படிக்கும்போதே வயிறு கலங்குகிறது. நீங்கள் சொன்ன நாள் கூலிக் கணக்கை நம் பக்கத்துக்கும் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு 2025-26-இல் நிர்ணயித்த கூலி 336 ரூபாய். பெட்ரோல் நூறு ரூபாய்க்கு மேல். ஏறக்குறைய மூன்றே கால் லிட்டர். ரூபாயில் பார்த்தால் உங்களுக்குக் குறைவு, கூலியில் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கிறோம்.

ஸ்கூடாய் அக்கா:

தம்பி, மலேசியா என்று ஒரே ஓர் எண்ணைப் போட்டுவிடாதீர்கள். இங்கே ஒரே நிலையத்தில் ஆளுக்கு ஒரு விலை.

ரோன் 95 பெட்ரோல் (ரோன் என்றால் ஒக்டேன் அளவு), 2025 செப்டம்பர் 30 அன்று குடிமக்களுக்கு லிட்டர் 1 ரிங்கிட் 99 சென் ஆனது. மைகார்ட் என்ற அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், அப்போது மாதத்துக்கு 300 லிட்டர் வரை. குடியுரிமை இல்லாதவருக்கு அதே பம்பில் அப்போது 2 ரிங்கிட் 60 சென். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) உணவகத்தில் வேலை செய்யும் சிவகங்கைப் பையன் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறான். அவன் கட்டுவது அந்தக் கூடுதல் விலை. என்னைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறவன் என்னைவிட அதிகம் கட்டுகிறான், எனக்கு அதைப் பார்க்க வருத்தமாகத்தான் இருக்கிறது.

உங்களுக்கு வேண்டியது டீசல். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் 2.15-இலிருந்து ஒரே நாளில் 3.35 ஆனது. சபா, சரவாக், லாபுவானில் மட்டும் பழைய 2.15 தொடர்ந்தது. ஆனால் சரக்கு லாரிக்காரர்கள் விண்ணப்பித்து, சலுகை விலைக்கான ஃப்ளீட் கார்டு எடுத்தால் தீபகற்பத்திலும் 2.15-க்கே ஊற்ற முடிந்தது. உங்களைப் போன்ற தொழில்காரர்களைத் தனியாகப் பிரித்துச் சலுகை கொடுப்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அதைக் கேளுங்கள்.

சிங்கப்பூரை யாரும் பட்டியலில் போடுவதில்லை, போட்டால் வாதம் கெட்டுவிடும் என்பதால். எங்களைச் சிங்கப்பூரோடு இணைக்கும் பாலத்துக்கு அந்தப் பக்கம் 95 பெட்ரோலில் தீர்வை மட்டுமே லிட்டருக்கு 66 சென்ட், சிங்கப்பூர் டாலர் கணக்கில். அங்கே பதிவான கார் உட்லண்ட்ஸ், துவாஸ் எல்லைச் சாவடிகள் வழியாக வெளியே வர வேண்டுமானால் டேங்க் முக்கால்வாசி நிரம்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தப் பக்கம் வந்தாலும் வெளிநாட்டு வண்டிக்கு ரோன் 95 ஊற்றக்கூடாது. இருந்தும் 97 ஊற்ற வரிசை நிற்கிறது.

நாள் கூலிக் கணக்கு போட்டீர்களே, 2025-இல் இங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதே 26 நாள் கணக்கில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 33 லிட்டர் வரும், குடிமகனாக இருந்தால்.

லெஸ்டர் கணக்கர்:

ஊர் விழுப்புரம், இங்கிலாந்தில் சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். என் வாடிக்கையாளர்களில் வேன் ஓட்டுகிறவர்கள் நிறைய.

இங்கே 2025-இல் டீசல் உங்கள் ரூபாயில் 160-க்கு மேல் இருந்தது. லிட்டர் 1 பவுண்டு 40 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் அதில் அப்போதைய எரிபொருள் தீர்வை 52.95 பென்ஸ். அந்தத் தீர்வையையும் சேர்த்த விலையின் மேல் 20 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி), அது 23 பென்ஸ் சொச்சம். பாதிக்கு மேல் வரிதான். ஆக, வரியின் பங்கில் இந்தியாவைவிட மோசம். ஆனால் வாட் பதிவு செய்த ஒரு வேன்காரர் தொழிலுக்கு ஊற்றிய டீசல் ரசீதை என்னிடம் கொடுத்தால், அந்த 23 பென்ஸை நான் திரும்ப வாங்கிக் கொடுத்துவிடுவேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரசீதுக் கட்டோடு வந்து நிற்பார்கள்.

இந்தியாவில் இந்த வழியே கிடையாது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் ஐந்தையும் வெளியே வைத்தார்கள். டயர் வாங்கினால் கட்டிய வரியை ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்த பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனி கழித்துக்கொள்ள வழி உண்டு, டீசலுக்கு இல்லை.

பூடான் கேள்விக்கு: அங்கே சுத்திகரிப்பு ஆலை கிடையாது, இந்திய எண்ணெய் நிறுவனங்கள்தான் அனுப்புகின்றன. நீங்கள் பங்கில் கட்டும் வரிச்சுமை அதன் மேல் அப்படியே ஏறுவதில்லை, அவர்கள் போடுவதும் குறைவு. மேற்கு வங்கத்தின் ஜெய்கானில் இருப்பவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள பூடான் ஊரான புன்ட்ஷோலிங் போய் நிரப்பிக்கொண்டு வருவது பழைய வழக்கம், உங்கள் முள்ளோடை போலவே. ஆனால் அதே இந்தியன் ஆயில் அனுப்பும் நேபாளத்தில் 2022 ஜூனில் பெட்ரோல் 199 நேபாள ரூபாய்க்குப் போனது. நம் காசில் 124. அன்று உங்கள் பட்டியலைப் போட்டிருந்தால் இந்தியா மலிவான நாடாகத் தெரிந்திருக்கும்.

கடலூர் குட்டியானை:

கணக்கர் அண்ணா, எனக்கு ஜி.எஸ்.டி. பதிவு இல்லை, ஒரே ஒரு வண்டி. டீசலை உள்ளே கொண்டுவந்தால் எனக்கு ஏதாவது திரும்ப வருமா? இங்கே மாநில வரி எவ்வளவு, மத்திய வரி எவ்வளவு என்பதையும் ரூபாயில் சொல்லிவிடுங்கள். எங்களில் பாதிப்பேர் சென்னையைத் திட்டுகிறார்கள், பாதிப்பேர் டெல்லியை.

லெஸ்டர் கணக்கர்:

பதிவு இல்லாதவருக்குத் திரும்ப ஒரு பைசா வராது. விகிதம் குறைந்தால்தான் உங்களுக்கு லாபம், அதனால் ஜி.எஸ்.டி. கோரிக்கையை முதல் வரியாக வைக்காதீர்கள்.

2025-இல் சென்னை டீசல் விலை 92 ரூபாய்ச் சொச்சத்தில் மத்திய வரி 17 ரூபாய் 80 காசாக இருந்தது. மாநில வாட் 11 சதவீதமும் அதற்கு மேல் லிட்டருக்கு 9 ரூபாய் 62 காசும். கூட்டிப் பார்த்தால் அதுவும் கிட்டத்தட்ட அதே 17 ரூபாய் 80 காசு. அதனால் இரண்டு பக்கமும் கேளுங்கள். அந்த மத்திய வரியில் மாநிலங்களோடு பங்கிடும் அடிப்படைக் கலால் 1 ரூபாய் 80 காசு மட்டும், மீதி மாநிலங்களோடு பங்கிடாத செஸ்ஸும் கூடுதல் தீர்வையும். இதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், மைக் நீட்டினால் உதவும்.

நாடுகளின் பட்டியலுக்குப் பதிலாக நம் நாட்டின் தேதிகளையே போடச் சொல்வேன். 2020 மே மாதம் உலகமே முடங்கிக் கச்சா எண்ணெய் விழுந்து கிடந்தபோது டீசல் மீது மத்திய வரியை லிட்டருக்கு 13 ரூபாய் ஏற்றினார்கள், மொத்தம் 31 ரூபாய் 83 காசு ஆனது. 2021 நவம்பரில் 10, 2022 மேயில் 6 என்று குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் கச்சா எண்ணெய் மறுபடி இறங்கியதும் 2 ரூபாய் கூட்டினார்கள். பங்க் விலை ஏறவில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. இறங்கியிருக்க வேண்டிய 2 ரூபாய் அது. உங்கள் வண்டிக்கு நாள் ஒன்றுக்கு எத்தனை லிட்டர் ஆகிறதோ அதோடு பெருக்கி, அந்தத் தொகையை ஃப்ளெக்ஸில் பெரிய எழுத்தில் போடுங்கள்.