குளிர்காலக் கோப்பையா, லீக்கா? ஜப்பான் பள்ளிக் கால்பந்து பற்றி ஒரு சண்டை

பந்தடி_பாண்டி:
ஜப்பான் பையன்கள் எப்படி இப்படி வளர்ந்தார்கள் என்று போன வாரம் பேச்சு வந்தபோது பாதிப் பேர் குளிர்காலக் கோப்பையைத்தான் காரணம் சொன்னீர்கள். அகில ஜப்பான் உயர்நிலைப் பள்ளிச் சாம்பியன்ஷிப். 1917இல் தொடங்கியது, டிசம்பர் 28 வாக்கில் ஆரம்பித்து ஜனவரி நடுவில் முடிகிறது. 47 மாகாணத்திலிருந்தும் ஒவ்வோர் அணி, டோக்கியோவுக்கு மட்டும் 2. மொத்தம் 48.

என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். பார்க்க அழகான போட்டி. ஆனால் கால்பந்து கற்றுக்கொடுக்க இதைவிட மோசமான வடிவம் கிடையாது. நாக்-அவுட் என்பதால் 48 அணிக்கு மொத்தமே 47 ஆட்டம். சராசரி போட்டால் ஓர் அணிக்கு இரண்டு ஆட்டம்கூடத் தேறாது. வருஷம் முழுக்க ஓடிவிட்டு முதல் சுற்றிலேயே தோற்றுப் பெட்டி கட்டுகிறவர்கள் 16 பள்ளி. 80 நிமிடம் முடிந்து சமநிலை என்றால் கூடுதல் நேரமும் இல்லை, நேராகப் பெனால்ட்டி. இறுதிக்கு மட்டும்தான் கூடுதல் நேரம் உண்டு. 103ஆவது போட்டியின் (2024-25) அட்டவணையைப் பாருங்கள்: முதல் சுற்று டிசம்பர் 29 (தொடக்க ஆட்டம் மட்டும் 28), அடுத்தது 31, பிறகு ஜனவரி 2, காலிறுதி 4. முதல் சுற்றிலிருந்து வருகிற அணிக்கு ஏழு நாளில் நான்கு ஆட்டம். பதினேழு வயதுப் பையனின் முழங்கால் என்ன இரும்பா?

இதற்காகத்தான் 2003இல் வட்டார அளவில் பிரின்ஸ் லீக்கையும் 2011இல் அதற்கு மேலே யு-18 பிரீமியர் லீக்கையும் கொண்டு வந்தார்கள். கிழக்கு 12 அணி, மேற்கு 12 அணி. ஏப்ரலிலிருந்து 22 ஆட்டம். பள்ளியும் கிளப் அகாடமியும் (தொழில்முறைக் கிளப்கள் வளர்க்கும் இளையோர் அணி) ஒரே பட்டியலில். ஏறலாம், இறங்கலாம். இதுதான் வளர்த்தது. கோப்பை வெறும் திருவிழா.

முட்டுக்காடு_மணி:
திருவிழாவுக்கு என்ன குறைச்சல் பாண்டி? 2025 ஜனவரி 13, தேசிய மைதானம், கோப்பை இறுதி. மயேபாஷி இகுயெய், ரியூட்சு கெய்சாய் காஷிவா. 1-1. பெனால்ட்டியில் 9-8. 58,000க்கு மேல் கூட்டம். உங்கள் பிரீமியர் லீக்கில் ஒரு சனிக்கிழமை பகல் ஆட்டத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள்? பெற்றோர், இரண்டு ஸ்கவுட், ஒரு நாய்.

அப்புறம் பெனால்ட்டி என்று கேலி செய்கிறீர்களே. 2022 உலகக் கோப்பை, குரோஷியாவோடு ஜப்பான் பெனால்ட்டியில் தோற்றதே, ஞாபகம் இருக்கிறதா? தவறவிட்டவர்கள் யார்? மினாமினோ, செரெசோ அகாடமி. மிதோமா, ஃப்ரொன்டாலே அகாடமி. யோஷிதா, நகோயா அகாடமி. போட்டது ஒரே ஒருவர், அசானோ. அவர் யொக்கைச்சி சூவோ கோக்யோ உயர்நிலைப் பள்ளி! 😀

பந்தடி_பாண்டி:
மணி அண்ணே, நாலு உதையை வைத்துக்கொண்டு தத்துவம் பேசலாமா? அதே கணக்கில் நானும் சொல்வேன்: 2012 ஜனவரியில் அந்த அசானோவின் அணி இறுதியில் முதல் நிமிடத்திலேயே கோல் போட்டது. இச்சிஃபுனா (அந்த ஃபுனாபாஷி நகராட்சிப் பள்ளியைத்தான் சொல்கிறேன்) கடைசி மூச்சில் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் 2-1 என்று ஜெயித்துவிட்டது. அப்போது மட்டும் கோப்பை மனத்திடத்தைச் சொல்லித்தரவில்லையா?

முட்டுக்காடு_மணி:
அந்தத் தோல்விதான் சொல்லித்தந்தது என்கிறேன். பத்து வருஷம் கழித்து ஜெர்மனிக்கு எதிராக 83ஆவது நிமிடம், அந்தக் கோணத்தில் கோல்கீப்பர் நோயர் தலைக்கு மேல் அடித்தவர் யார்? அசானோ!

சுந்தர்_ஒசாகா:
இரண்டு பேரும் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டீர்கள். அகாடமி கழித்துக்கட்டிய பையன்களுக்குப் போக்கிடம் பள்ளிதான். தேசிய அணியில் ஆடிய ஹோண்டா, காம்பா ஒசாகா கிளப்பின் ஜூனியர் யூத்தில் (பதினைந்து வயது வரையிலான அணி) இருந்தவர். மேலே ஏற்றவில்லை. இஷிகாவா மாகாணத்தில் செய்ரியோ பள்ளிக்குப் போனார். கமாதாவும் அதே காம்பா, அதே கதை, கியோட்டோவில் ஹிகாஷியாமா பள்ளி. இவர்களுக்கு முன்பே ஷுன்சுகே நகாமுராவை மரினோஸ் ஜூனியர் யூத் மேலே எடுக்கவில்லை, தோகோ காகுயென் பள்ளிக்குப் போனார். பதினைந்து வயதில் உயரமும் வேகமும் வராத பையனைக் கிளப் அனுப்பிவிடும். பள்ளி மூன்று வருஷம் கொடுக்கும்.

ஆனால் பாண்டி சொல்கிற ஒரு விஷயத்தில் நான் அவர் பக்கம். நாக்-அவுட் என்றால் பயம். பயத்தில் பிறந்ததுதான் அந்த நீண்ட த்ரோ-இன். அவோமோரி யமதா பள்ளிப் பையன் பந்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு கோட்டுக்குப் பத்தடி பின்னால் போய் நிற்பான் பாருங்கள், எனக்கு டிவியை அணைக்கத் தோன்றும்.

கோல்போஸ்ட்_ஜோ:
அந்த த்ரோ-இன்னைச் சொல்லிக்கொடுத்த கோ குரோதா, பள்ளியை விட்டு மச்சிதா செல்வியா என்ற தொழில்முறைக் கிளப்பின் பயிற்சியாளராக வந்தார். 2023இல் இரண்டாம் பிரிவான ஜே2இல் சாம்பியன். மறு வருஷமே முதல் பிரிவான ஜே1இல் மூன்றாம் இடம். பள்ளி வாத்தியார் உத்தி பெரியவர்களிடம் எடுபடாது என்று எழுதியவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்?

சுந்தர்_ஒசாகா:
எடுபடாது என்று நான் சொல்லவில்லையே ஜோ. பார்க்கச் சகிக்கவில்லை என்றேன்.

உராவா_அக்கா:
வணக்கம். நான் சைதாமாவில் பதினோரு வருஷமாக இருக்கிறேன், பையன் ஆறாம் வகுப்பு. நீங்கள் எல்லாரும் பதினெட்டு வயதைப் பற்றியே பேசுகிறீர்கள், கீழே நடப்பதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

இங்கே யு-12 என்றால் எட்டுக்கு எட்டுதான். 2011 முதல் தேசியப் போட்டியும் அப்படித்தான். ஆள் குறைவு என்பதால் பந்து எல்லார் காலுக்கும் வருகிறது. மண் மைதானம். ஆட்டம் முடிந்ததும் பையன்கள் எதிரணிப் பயிற்சியாளர் முன்னால் வரிசையாக ஓடிப்போய் நின்று குனிந்து நன்றி சொல்வார்கள். பிறகு தொம்போ என்று ஒரு மரத் தள்ளுகட்டை, T வடிவத்தில் இருக்கும். நாலு பேர் அதை இழுத்து மைதானத்தைச் சமன் செய்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். தோற்று அழுதுகொண்டே தொம்போ இழுக்கிற பிள்ளையைப் பார்த்தால் உங்கள் வாதம் எல்லாம் மறந்துபோகும்.

அம்மாக்களுக்கும் வேலை உண்டு. தேநீர் முறை என்று பெயர். முறை வந்தால் காலை ஆறரைக்கு ஃபிளாஸ்க், பார்லி டீ, ஐஸ், காயத்துக்குப் பஞ்சு, பயிற்சியாளருக்குத் தனியாகக் காபி. எங்கள் பழைய குழுவில் ஒருமுறை காபிக்குச் சர்க்கரை கொண்டுபோக மறந்தேன், அதற்கு ஒரு வாரம் குழுச் செய்தியில் மௌன விரதம். இப்போது இருக்கிற குழுவில் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள், புண்ணியமாகப் போகட்டும்.

என் பையன் பிப்ரவரியில் பிறந்தவன். இங்கே ஏப்ரல் 2 முதல் அடுத்த ஏப்ரல் 1 வரை பிறந்தவர்கள் எல்லாம் ஒரே வகுப்பு. ஜனவரியிலிருந்து மார்ச் வரை பிறந்தவர்களுக்கு ஹயாஉமாரே என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள், சீக்கிரம் பிறந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் பிறந்தவன் பக்கத்தில் நின்றால் இவன் தம்பி மாதிரி இருப்பான். கிளப்பின் ஜூனியர் யூத் தேர்வில் இரண்டாம் சுற்றோடு அனுப்பிவிட்டார்கள். சுந்தர் சொன்ன அந்த இரண்டாவது கதவு இல்லாவிட்டால் இவன் கதை பன்னிரண்டு வயதிலேயே முடிந்திருக்கும்.

பந்தடி_பாண்டி:
அக்கா, தொம்போ பற்றி இன்னும் எழுதுங்கள். இரண்டாவது கதவையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கதவு பள்ளி. குளிர்காலக் கோப்பை அல்ல. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. ஹோண்டாவை வளர்த்தது தினமும் நடந்த பயிற்சியும் ஆட்டமும். நூற்றுக்கு மேல் பையன்கள் இருக்கிற பள்ளிகள் உண்டு. கோப்பையில் சில பேர் ஆடுவார்கள், மிச்சப் பேர் மேல் வரிசையில் நின்று மெகாஃபோனைத் தட்டிப் பாடுவார்கள். லீக் வந்த பிறகுதான் அதே பள்ளி இரண்டாம் அணி, மூன்றாம் அணி என்று கீழ்ப் பிரிவுகளில் இறக்குகிறது. அவோமோரி யமதாவின் இரண்டாம் அணி தோஹோகு பிரின்ஸ் லீக்கில் ஆடியிருக்கிறது. பாடிக்கொண்டிருந்தவன் இப்போது ஆடுகிறான்.

இன்னொன்று. 2024 பிரீமியர் லீக் இறுதியை யார் ஜெயித்தது? ஓசு. குமாமோத்தோவில் ஒரு மாகாண அரசுப் பள்ளி. யோகோஹாமா எஃப்சி யூத்தை 3-0. சில வாரம் கழித்துக் குளிர்காலக் கோப்பையில் அதே ஓசு மூன்றாம் சுற்றிலேயே வெளியே. நாட்டின் சிறந்த யு-18 அணி எது என்று கேட்டால் 22 ஆட்டமும் இறுதியும் சொல்வதை நம்புவீர்களா, ஜனவரி 2ஆம் தேதி ஒரு மதியம் சொல்வதை நம்புவீர்களா?

முட்டுக்காடு_மணி:
ஓசுவைக் காட்டி எனக்கே உதவி செய்கிறீர்கள். அரசுப் பள்ளிக்கு அந்தப் பையன்கள் எதற்காக வந்து சேர்ந்தார்கள்? தொலைக்காட்சியில் அந்தக் குளிர்கால ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்ததால். பிரீமியர் லீக் பட்டியலைப் பார்த்து எந்தப் பத்து வயதுப் பிள்ளையும் கனவு காணாது. மயேபாஷி இகுயெயில் 14ஆம் எண் சட்டை என்றால் அது முன்னாள் தேசிய அணி வீரர் மொத்தோஹிரோ யமாகுச்சி போட்டது என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஒரே ஒரு ஆட்டம் என்பதால்தான் அதற்கு மதிப்பு. 2013இல் இறுதி நாளன்று பனி கொட்டியது, ஐந்து நாள் தள்ளிவைத்தார்கள். மியாசாகியின் ஹோஷோ பள்ளியும் கியோட்டோ தச்சிபானாவும். 2-2, பெனால்ட்டியில் ஹோஷோ. அதற்கு முன்னும் பின்னும் அந்தப் பள்ளி பெயரை நாம் எத்தனை முறை கேட்டோம்? லீக் மட்டும் இருந்தால் அவர்களுக்கு அந்த ஜனவரி கிடைத்திருக்குமா?

சுந்தர்_ஒசாகா:
மணி, மறுபக்கத்தையும் சொல்லுங்கள். 2022இல் அரையிறுதிக்கு வந்த கான்தோ தாய்இச்சி பள்ளியில் கொரோனா. ஆடாமலே விலகினார்கள். ஓசு ஆடாமலே இறுதிக்குப் போனது. மூன்றாம் ஆண்டுப் பையன்களுக்கு அதோடு பள்ளிக் கால்பந்தே முடிந்தது. லீக்காக இருந்தால் அடுத்த வாரம் ஆடியிருப்பார்கள்.

மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. மிதோமா அகாடமியில் வளர்ந்தவர், கிளப் மேலே கூப்பிட்டும் போகாமல் ட்சுகுபா பல்கலைக்கழகத்துக்குப் போய் டிரிப்ளிங்கைப் பற்றியே ஆய்வுக் கட்டுரை எழுதினார். நம் சண்டையில் அவரை எந்தக் கட்சியில் சேர்ப்பது?

கோல்போஸ்ட்_ஜோ:
பெனால்ட்டி தவறவிட்ட கட்சியில். 😀

பந்தடி_பாண்டி:
ஜோ, போதும். சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். கோப்பையையே ஒழிக்க வேண்டாம். ஜனவரி 4க்குள் நாலு ஆட்டம் என்பதை மட்டும் மாற்றட்டும். விடுமுறைக்குள் முடிக்க வேண்டும், தங்கும் செலவு கூடும் என்று காரணம் சொல்வார்கள், தெரியும். ஆனால் கோடைக்கால இன்டர்-ஹையின் (பள்ளிகளுக்கான தேசிய விளையாட்டுப் போட்டி) ஆண்கள் கால்பந்தை வெயிலுக்காக 2024இல் ஃபுகுஷிமாவிலேயே நிலையாக வைத்தார்களே, மனம் இருந்தால் செய்கிறார்கள். குளிருக்கும் முழங்காலுக்கும் அந்த மனம் வரட்டும்.

முட்டுக்காடு_மணி:
அட்டவணையில் நானும் உங்களோடு. ஆனால் குழுப் பிரிவு ஆட்டம் என்று ஏதாவது கொண்டுவந்தால் திரும்பச் சண்டைதான்.

உராவா_அக்கா:
சண்டை முடிந்ததா? ஒரு கேள்வி. பையன் இந்த வருஷம் நேரில் பார்க்க வேண்டும் என்கிறான். தேசிய மைதானம் வரை காத்திருக்கணுமா?

சுந்தர்_ஒசாகா:
வேண்டாம் அக்கா. மாகாணத் தகுதிச் சுற்றின் முக்கிய ஆட்டங்கள் அக்டோபர், நவம்பரிலேயே வந்துவிடும். இறுதி பெரும்பாலும் நவம்பர் நடுவில். கூட்டம் குறைவு, முன்வரிசையில் உட்கார்ந்தால் பையன்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதே கேட்கும். போர்வை எடுத்துக்கொண்டு போங்கள், நிழல் பக்கம் உட்காராதீர்கள்.

உராவா_அக்கா:
எடுத்துக்கொள்கிறேன். ஃபிளாஸ்க்கும்தான், இந்த முறை எங்களுக்கு மட்டும்.