போன் லொக் நம்பரைக் கேட்டது குத்தமா?

டிக்கோயா டிரைவர்:
வணக்கம் உறவுகளே. எனக்குப் பேசி முடிச்ச பொண்ணு கட்டுநாயக்கவில கார்மண்ட் வேலை. போடிங்கில, வாடகை அறையில இருக்கா. தை மாசம் கல்யாணம். ரெண்டு பேரும் விரும்பித்தான் வீட்டில சொன்னோம், அதனால கட்டாயக் கல்யாணம்னு யாரும் ஆரம்பிக்க வேணாம்.

நான் கேட்டது ரெண்டே விசயம். போன் லொக் நம்பர், வட்ஸ்அப்பில லைவ் லொகேஷன். லொகேஷன் எட்டு மணித்தியாலத்துக்கு மேல ஓடாது, அதனால காலைல ஒருக்கா, வேலை முடிஞ்சு ஒருக்கா போட்டுவிடச் சொன்னேன். கொஞ்ச நாள் போட்டா, அப்புறம் நிறுத்திட்டா. ஏன்னு கேட்டா, "நீங்க என்ன தோட்டத்துக் கணக்கப்பிள்ளையா, வேலைக்கு வந்தவங்க பேர் பதியிற செக்ரோல்ல எனக்குப் பேர் விழுந்துச்சான்னு பாக்கிறதுக்கு?"ங்கிறா. லொக் நம்பர் தரவே மாட்டாளாம். என் நம்பர் அவளுக்குத் தெரியும். பாசம் இருக்கிற இடத்தில பொசசிவ் இருக்கத்தானே செய்யும்? மறைக்க ஒண்ணுமில்லன்னா காட்டுறதுக்கு என்ன?

தலவாக்கலை மாமா:
தம்பி கேட்டதில ஒரு பிழையும் இல்ல. நாங்க விரும்பின காலத்தில லயமே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளே காவல். எந்தக் காம்பராவில யார் யாரோட பேசினாங்கன்னு பொழுது சாய முன்ன மேட்டு லயம் வரைக்கும் தெரிஞ்சிரும். கட்டுநாயக்கவில 1978ல சுதந்திர வர்த்தக வலயம் தொறந்ததில இருந்து நம்ம பிள்ளைக போய்க்கிட்டுத்தான் இருக்கு. அங்க யார் பாக்கிறா? கட்டிக்கப் போறவன் பாக்காம வேற யார் பாப்பா?

பனிமூட்டம்:
அந்த வலயத்தில வேலை செய்யிற மஸ்கெலியாப் பொண்ணு நான். மாமா, "யார் பாக்கிறா"ன்னு கேட்டீங்க. சுபவைசர் பாக்கிறாரு, டார்கெட் பாக்கிறாரு, போடிங்கார அம்மா கேட் மூடுற நேரம் பாக்கிறாங்க. எங்களுக்குப் பாக்க ஆள் இல்லாத குறைதான்!

எங்க கம்பெனியில போன் உள்ள கொண்டுபோக ஏலாது, லொக்கர்ல வச்சிட்டுத்தான் லைனுக்குப் போகணும். தேத்தண்ணி நேரம் வந்து பாத்தா சில பிள்ளைகளுக்கு மிஸ்கோல் வரிசையா நிக்கும். தேத்தண்ணி குடிக்காம அந்தப் பத்து நிமிசமும் சமாதானம் சொல்லிக்கிட்டு நிப்பாளுக.

இன்னொண்ணு சொல்றேன், கோவிக்காதீங்க. எங்க அறையில ஒருத்தியோட ஆள் ராத்திரியில வீடியோ கோல் எடுப்பான். "கெமராவைத் திருப்பு, அறையைக் காட்டு"ன்னு சொல்லுவான். அறையில நாங்க ஆறு பேர். ஒருத்தி குளிச்சிட்டு வந்து தலை துவட்டிக்கிட்டு நிப்பா, ஒருத்தி நைட்டியோட படுத்திருப்பா. அவ போனைத் தூக்கினதும் நாங்க எல்லாரும் பெட்சீட்டை இழுத்துப் போத்திக்கணும். அவன் அவளைத்தான் விரும்புறான். எங்களை ஏன் சோதனை போடுறான்?

டிக்கோயா டிரைவர்:
நான் அப்படி வீடியோ கேட்டதே இல்ல தங்கச்சி. என்னை அந்த ஆளோட சேக்க வேணாம். ஆனா நான் ஓட்டோ ஓட்டுறவன். யார் யாரை எங்க இறக்கிவிடுறேன்னு எனக்குத் தெரியும். கண்ணால கண்டா பயம் வரும்தானே. ஸ்டாண்டில வேற, "உன் ஆள் கொழும்புப் பக்கமாம்"னு ஒரு மாதிரி சிரிக்கிறானுக.

பூனாகலை டீச்சர்:
அப்போ பிரச்சினை ஸ்டாண்டில இருக்கிறவனுக்கு வாய் இருக்கிறது. அதுக்கு இந்தப் பிள்ளை போனைத் திறந்து காட்டணுமா?

கினிகத்தேனைக்காரி:
எல்லாரும் டிரைவர் தம்பி மேல பாயிறீங்க. நான் பொம்பளதான், நான் அவர் பக்கம். என் வீட்டுக்காரர் கட்டாருக்குப் போனப்ப "நம்பிக்கைதான் முக்கியம்"னு நான் ஒண்ணும் கேக்கல. ரீலோட் போட்டாரா, பேசினாரா, அதோட சரி. கடைசியில அவர் அங்க வேற ஒரு ஆளோட இருந்தது எனக்குத் தவிர ஊருக்கே தெரிஞ்சிருந்துச்சு. சுதந்திரம் குடுக்கணும்னு பேசுறவங்க, ஏமாந்தவ பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போறப்ப வரமாட்டாங்க. பொசசிவ் ஆம்பளைக்கு மட்டும் உள்ள நோயும் இல்ல. என் தங்கச்சி கேட்டா அவ புருசன் தானே போனை எடுத்துக் குடுப்பான், அவ்வளவு பயம்.

பனிமூட்டம்:
அக்கா, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனா லொக் நம்பர் இருந்தா மட்டும் அகப்பட்டிருப்பாரா? இப்ப எல்லார் கையிலயும் ரெண்டு சிம் போன். நம்பரைக் குடுத்திட்டு வட்ஸ்அப்பை அழிச்சிட்டு வச்சா என்ன கண்டுபிடிப்பீங்க? ஏமாத்துறவன் ஒரு நிமிசத்தில வழி கண்டுபிடிப்பான். சோதனையில மாட்டுறது ஒண்ணும் செய்யாதவதான்: சித்தி மகன் அனுப்பின ஹார்ட்டுக்கு விளக்கம் சொல்லிக்கிட்டு இருப்பா.

நீதவான் இல்ல:
சட்டம் படிக்கிறவன் என்ற முறையில ரெண்டு வரி. சம்மதம் இல்லாம இன்னொருத்தர் போனுக்குள்ள, பேஸ்புக் கணக்குக்குள்ள நுழைஞ்சா 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் பாயலாம். கேட்டு வாங்கிறது வேற, தெரியாம எடுக்கிறது வேற. டிரைவர் அண்ணன் கேட்டிருக்கார், அது குற்றமில்ல.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மனசால கொடுமைப்படுத்துறதையும் சேர்த்துத்தான் சொல்லுது, நீதவான் நீதிமன்றத்தில பாதுகாப்புக் கட்டளை வாங்கலாம். ஆனா அது கணவன் மனைவி, பிரிஞ்சவங்க, ஒண்ணா வாழுறவங்க, நெருங்கின உறவுக்காரங்களுக்கு. பேசி முடிச்சு தனித்தனியா இருக்கிறவங்க அதுக்குள்ள வரமாட்டாங்க. அதனால கல்யாணத்துக்கு முன்ன ஒருத்தன் மிரட்டினா பொலிசில வழக்கமான முறைப்பாடுதான். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, யாருக்காவது பிரயோசனப்படும்.

தலவாக்கலை மாமா:
காதலிக்கிறதுக்கும் கோட்டுக்குப் போற காலம் வந்திருச்சு. நல்லா இருங்க.

மட்டுறுத்துநர்:
ஒருவர் பெண்ணின் கம்பெனிப் பெயரைக் கேட்டு எழுதியிருந்தார், நீக்கிவிட்டேன். யாருடைய படம், பெயர், இருப்பிடமும் இங்கே வேண்டாம். திரும்பப் போட்டால் இழையைப் பூட்டுவேன்.

பூனாகலை டீச்சர்:
மாமா, லயமே காவல்னு சொன்னீங்க. அந்தக் காவல் யாருக்கு இருந்துச்சு? நான் வளர்ந்தது பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில. அம்மா அப்பா, அப்பாயி, நாங்க மூணு பேர். உடுப்பு மாத்தணும்னா மத்தவங்க வெளிய போய் நிக்கணும். பூட்டி வைக்கிறதுக்கு அம்மாவுக்கு ஒரு தகரப்பெட்டி கூட கிடையாது. இந்தப் பிள்ளைகளுக்கு வாழ்க்கையில முதல் முதலா சொந்தமாப் பூட்டுறதுக்குக் கிடைச்சது இந்தப் போன்தான். அதுக்குள்ள கள்ளத்தனம் இருக்கணும்னு இல்ல. அக்கா புருசன் அடிச்ச கதை இருக்கும், சிநேகிதி கர்ப்பமான கதை இருக்கும், அம்மாவோட ஆஸ்பத்திரித் துண்டு இருக்கும். அதெல்லாம் அவளோட ரகசியம் மட்டுமில்ல, மத்தவங்க அவளை நம்பிக் குடுத்தது.

அம்மாவும் அப்பாவும் ஒரே மலையில வேலை செஞ்சாங்க. 1984 வரைக்கும் தோட்டத்தில பொம்பளைக்கு ஆம்பளையை விடக் குறைச்ச சம்பளம். அதுவும் அம்மா கைக்கு வராது. சம்பள நாள்ல அப்பா போய் ரெண்டு பேர் காசையும் வாங்குவார். காலையில இருந்து அட்டைக்கடியோட மலையில நின்னவ, தேங்காய் வாங்க அப்பாக்கிட்ட கேக்கணும். அப்பா நல்ல மனுசன், குடிகாரர் இல்ல. "உனக்கேன் வரிசையில நிக்கிற கஷ்டம்"னு பாசமாத்தான் சொல்லுவார். அந்தப் பாசத்தை நான் பொய்னு சொல்லல. ஆனா கடைசி வரைக்கும் தன் சம்பளம் எவ்வளவுன்னு அம்மாவுக்குச் சரியாத் தெரியாது.

டிரைவர் தம்பி, உங்களுக்குப் பொறாமை வர்றதை யாரும் தப்புச் சொல்லல. எனக்கும் வரும், இவர் எக்ஸாம் டியூட்டிக்குப் போய் நேரம் கழிச்சு வந்தா. வந்தா சண்டை போடலாம், முகத்தைத் தூக்கி வச்சுக்கலாம். அவர் பையைக் கொட்டிப் பாக்கிற உரிமை அதனால எனக்கு வந்திராது.

டிக்கோயா டிரைவர்:
டீச்சர், மரியாதையோடதான் கேக்கிறேன். நானும் என் போனைக் குடுக்கிறேனே. ரெண்டு பேருக்கும் சமம்தானே?

பூனாகலை டீச்சர்:
நம்பர் சமம். அதுக்குப் பிறகு வர்றது சமமில்ல. உங்க போன்ல அவ ஏதாவது கண்டுபிடிச்சா நீங்க ஒரு வாரம் கெஞ்சுவீங்க, சரியாயிரும். அவ போன்ல நீங்க ஒரு மெசேஜைப் பிழையா விளங்கி கல்யாணத்தை நிறுத்தினா, அடுத்த வருசம் உங்களுக்கு வேற இடம் பாப்பாங்க. அவளை, "நிச்சயம் நின்ன பொண்ணு, என்னமோ போன்ல இருந்துச்சாம்"னு தோட்டத்து டிவிஷன் முழுக்கப் பேசும். அந்தப் பயத்தோட யார் நம்பர் தருவா?

கினிகத்தேனைக்காரி:
அது உண்மைதான், ஒத்துக்கிறேன். அதுக்காகக் கேள்வியே கேக்காம இருங்கன்னு மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்காதீங்க. கேக்காம இருந்தவ நான்.

பனிமூட்டம்:
கேளுங்க, யார் வேணாம்னா. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு அறைக்கு வந்ததும் "வந்திட்டேன்"னு ஒரு மெசேஜ் கேளுங்க. தீபாவளிக்கு ஊருக்கு வர்றப்ப எந்த பஸ்னு கேளுங்க. இதுக்கெல்லாம் கோவிக்கிற பொண்ணு ஒருத்தியும் இல்ல, கேக்காட்டித்தான் கோவிப்போம். வரைபடத்தில நீலப் புள்ளி அசையுதான்னு பாத்துக்கிட்டு இருக்கிறதுதான் வயித்தைக் கலக்குது.

டிக்கோயா டிரைவர்:
லொகேஷனை விடலாம், சரி. லொக் நம்பர் விசயத்தில எனக்கு இன்னும் மனசு ஒப்பல. கல்யாணத்துக்குப் பிறகாவது தரணும்னுதான் நினைக்கிறேன். யாரும் ஏசாதீங்க, மனசில உள்ளதைத்தான் சொல்றேன்.

கினிகத்தேனைக்காரி:
போன் கிடக்கட்டும் தம்பி. அந்தப் பிள்ளை சம்பளம் இப்ப யார் கையில போகுது?

டிக்கோயா டிரைவர்:
அவ அம்மாவுக்கு அனுப்புறா. கல்யாணத்துக்கு வேலையை விடுறப்ப ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) காசை எடுத்து ஓட்டோ லீசிங்கை முடிக்கலாம்னு வீட்டில ஒரு பேச்சு.

பூனாகலை டீச்சர்:
யார் வீட்டில? அவகிட்டக் கேட்டீங்களா?

டிக்கோயா டிரைவர்:
எங்க வீட்டில. இன்னும் கேக்கல.

பூனாகலை டீச்சர்:
கல்யாணத்துக்கு வேலையை விடுற பொண்ணுக்கு அந்தக் காசை எடுக்கச் சட்டத்தில வழி இருக்கு, உண்மை. ஆனா அது அவ பேர்ல சேர்ந்த காசு. இந்த ஞாயிறு கோல் எடுக்கிறப்ப லொக் நம்பரை விட்டுட்டு இதைப் பேசுங்க. வேலையை விட அவளுக்கு விருப்பமான்னு முதல்ல கேளுங்க.