பால் நிறத்தில் வடிந்த நீரும் எம்.சி.டி. எண்ணெயும்

திருச்சியிலிருந்து ஓர் அம்மா:

எம்.சி.டி. எண்ணெய், அதாவது நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பால் ஆன எண்ணெய், கொடுத்துப் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என் மகளுக்கு எட்டாவது மாதத்தில் இதய ஆபரேஷன். ஐந்தாம் நாள்தான் மறுபடி பால் குடித்தாள். நெஞ்சிலிருந்து வரும் டியூப் பாட்டிலில் அதுவரை வெளிர் மஞ்சளாக இருந்த நீர், அன்று சாயந்திரமே அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெளுத்துவிட்டது. நிணநீர்க் குழாயில் கசிவு என்றார்கள். நாம் சாப்பிடும் கொழுப்பில் பெரும்பகுதி குடலிலிருந்து அந்தக் குழாய் வழியாகத்தான் ரத்தத்துக்குப் போகிறது. ஆகவே அவள் குடித்த பாலின் கொழுப்பு நெஞ்சுக்குள் வடிந்துகொண்டிருந்தது. எம்.சி.டி. எண்ணெயில் இருப்பது எட்டு, பத்து கார்பன் நீளமுள்ள கொழுப்பு; அதற்கு அந்தப் பாதை தேவையில்லை. குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும் ரத்தத்தில் சேர்ந்துவிடும்.

தாய்ப்பாலை நிறுத்தி, ஆறு வாரம் எம்.சி.டி. கலந்த பால்மாவு. பால் கட்டி வலிக்க வலிக்க, பீய்ச்சி ஃப்ரீசரில் வைத்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் பாட்டிலில் மறுபடி மஞ்சள் நிறம் வந்தது. அந்த நிறத்தைப் பார்த்து அழுதவள் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தை, “தேங்காய் எண்ணெயிலயும் அதே கொழுப்புதானேம்மா, கஞ்சியில ரெண்டு சொட்டு விட்டா என்ன?” என்று கேட்டார். பாசத்தில் கேட்டதுதான். எனக்கும் பதில் தெரியவில்லை, டயட்டீஷியனுக்கு போன் செய்தேன். தேங்காய் எண்ணெயில் கிட்டத்தட்டப் பாதி லாரிக் அமிலம், 12 கார்பன். பெயருக்கு அது நடுத்தரச் சங்கிலிதான், ஆனால் கணிசமான பங்கு நிணநீர் வழியாகவே போகும். எட்டும் பத்தும் சேர்ந்தே ஏறக்குறைய 15 சதவீதம்தான். “வேண்டவே வேண்டாம்” என்றார். தேங்காய் எண்ணெயை எம்.சி.டி. என்று சொல்லி விற்பவர்களைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

கும்பகோணத்திலிருந்து ஒருவர்:

என் அப்பாவுக்கு இதே கசிவு சிறுநீரில். யானைக்கால் புழுவால் நிணநீர்க் குழாய் கெட்டுப்போனது. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டால் மறுநாள் காலையில் சிறுநீர் பால் மாதிரி இருக்கும். நெய், எண்ணெய் எல்லாம் நிறுத்தி, எம்.சி.டி. மட்டும் கொடுக்கச் சொன்னார்கள். அதில் தோசை சுட்டுவிட்டேன். கல் முழுக்கப் புகை. அதைக் காய வைக்கக் கூடாது, வெந்த சாதத்தின் மேல் ஊற்றிப் பிசைய வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. ருசியே இல்லை என்று அப்பா குறைப்பட்டார், இருந்தாலும் சாப்பிட்டார்.

சேலத்திலிருந்து ஓர் அப்பா:

எங்கள் பையனுக்கு வலிப்பு. இரண்டு மருந்துக்கும் கட்டுப்படாததால் கீட்டோஜெனிக் உணவு, அதாவது கொழுப்பு மிக அதிகமாகவும் மாவுச்சத்து மிகக் குறைவாகவும் உள்ள உணவு. 1921-இல் தொடங்கிய பழைய முறையில் சோறு ஏறக்குறைய இல்லவே இல்லை. 1971-இல் ஹட்டன்லாக்கர் என்ற டாக்டர் எம்.சி.டி. எண்ணெயை வைத்து அதை மாற்றினார். வலிப்பைக் கட்டுப்படுத்தும் இந்த உணவில், கொழுப்பிலிருந்து கல்லீரல் உண்டாக்கும் எரிபொருளான கீட்டோன் இந்த எண்ணெயிலிருந்து அதிகம் கிடைப்பதால், மாவுச்சத்துக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. ஆரம்பத்தில் அளவைச் சட்டென்று கூட்டியதால் வயிற்றுவலி, பேதி. அப்புறம் நாலு வேளைக்குப் பிரித்து, நாள்கணக்கில் மெதுவாக ஏற்றினோம். இப்போது காலையில் அவன் தட்டில் ஒரு சின்ன இட்லி இருக்கிறது. தராசில் நிறுத்துத்தான் வைக்கிறோம். அவன் அதைப் பிய்த்துப் பிய்த்து அரை மணி நேரம் சாப்பிடுகிறான்.